கரஸ்பாண்டன்ஸில் படித்த பி.ஏ.

இந்த ஊரில் அம்மாக்களை ஸ்கூல் கேட்டோடு திருப்பி அனுப்புவதில்லை. உள்ளே கூப்பிட்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் பிள்ளையையும் வைத்துவிடுகிறார்கள். கனடாவில் இந்த வின்னிபெக்குக்கு வந்த மூன்றாம் மாதம், லைப்ரரியில் நடக்கும் ஒரு வகுப்புக்குப் போகச் சொல்லி என் மகள் நஸ்ரினிடம் தாள் கொடுத்தனுப்பினார்கள். ஃபேமிலி லிட்டரசி என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாக்களும் சின்னப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்பு. போனதும் ஒரு ஃபாரம் நீட்டினார்கள். எதுவரை படித்திருக்கிறாய் என்று அவர்கள் கேட்டதை நஸ்ரின் தமிழில் சொல்லிக் கட்டத்தைக் காட்டினாள். என் கை என்னைக் கேட்காமலே பி.ஏ. என்று எழுதியது. நான் படித்தது எட்டாவது.

கையைச் சொல்லிக் குற்றமில்லை. அது தாம்பரத்தில் பழகிய கை. முடிச்சூரில் குடியிருந்தபோது நஸ்ரினுக்கு எல்.கே.ஜி. சீட் கேட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போனோம். அங்கே மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு கேள்வி, பெற்றவர்களுக்குப் பத்து. டிகிரி இல்லாத அம்மாவின் பிள்ளைக்கு சீட் கிடையாது என்று தெருவெல்லாம் பேச்சு. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பக்கத்து வீட்டு மாலதி அக்காதான் எனக்குப் பட்டம் கொடுத்தார்.

"மாட்டிக்கிட்டா என்னக்கா பண்றது?"

"எவ சர்ட்டிபிகேட் கேக்கப் போறா? ஹிஸ்டரின்னு போடு. ஹிஸ்டரில யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க."

"எந்த காலேஜ்னு கேட்டா?"

"கரஸ்னு சொல்லு. காலேஜையே பாக்காம படிக்கிறதுதானே அது."

பிரின்சிபால் அதையேதான் கேட்டார். கரஸ்பாண்டன்ஸ் என்றேன். தலையாட்டி சீட் கொடுத்தார். அப்புறம் இரண்டு வருஷம், டைரியில் மிஸ் எழுதியனுப்பும் இங்கிலீஷுக்கு அடியில் என்ன ஏது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்கிறார்கள் என்று நினைத்து சந்தோஷமாகப் போட்ட ஒரு கையெழுத்து, பிள்ளை தலையில் பேன் இருக்கிறது என்ற புகாருக்கு.

இங்கே வகுப்பு நடத்துகிற லிண்டா என் ஃபாரத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினாள். எனக்குப் பிடிபட்டது டியூஸ்டே மட்டும். யெஸ், யெஸ் என்றேன். ஒரு கதைப்புத்தகமும் கடிதமும் கொடுத்தாள். பல்லாவரத்தில் லெதர் கட்டிங் வேலை பார்த்து, அதே வேலைக்கு இங்கே வந்தவர் என் வீட்டுக்காரர். பத்தாவது பாஸ். மெதுவாகக் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பி.ஏ. மேடம், வாழ்த்துகள். உனக்கு வகுப்புல எடம் இல்ல. வாலண்டியரா போட்டிருக்காங்க. வர்ற டியூஸ்டே மத்த அம்மாங்களுக்கு நீதான் கதை வாசிக்கணும்."

"நான் ஒத்துக்கவே இல்லியே."

"ரெண்டு தடவ யெஸ் சொன்னீங்கம்மா," என்றாள் நஸ்ரின்.

பொய் எழுதினவள் என்று விசாவைப் பிடுங்கி மீனம்பாக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய கவலை வேறு. நஸ்ரின் பையிலிருந்து வரும் தாள்களை ஒருநாளாவது நானே படிக்க வேண்டுமென்றால் எனக்கிருந்த வழி அந்த வகுப்பு ஒன்றுதான். அதில் எனக்கு இடமில்லை, படிப்பு அதிகம் என்பதால். ஃபோன் கார்டு போட்டு மாலதி அக்காவைக் கேட்டேன். "மனப்பாடம் பண்ணிடு. எட்டாவது வரைக்கும் வேற என்னத்தப் பண்ணின?" என்றார்.

செருப்பைத் தொலைத்த கரடி ஒன்று வீடு வீடாகப் போய்க் கேட்கிற கதை அது. வீட்டுக்காரர் வாசிக்க வாசிக்கத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து உருப்போட்டேன். செவ்வாய்க்கிழமை, சட்டையில் வாலண்டியர் பேட்ஜ் குத்தி முன்னால் உட்காரவைத்தார்கள். சூடான்காரி, பிலிப்பைன்ஸ்காரி என்று பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் என் வாயையே பார்த்தார்கள். பயத்தில் எனக்கு வார்த்தை கொட்டியது. கதையை முடித்து மூச்சு விட்டபோது நஸ்ரின் தமிழில் சொன்னாள்:

"அம்மா, செருப்பு கெடைச்சிடுச்சுங்கிறீங்க. படத்துல கரடி இன்னும் வீட்ட விட்டே கெளம்பல."

நான் பக்கத்தைத் திருப்பவே இல்லை. குழந்தை என்ன சொல்கிறாள் என்று லிண்டா கேட்டாள். நஸ்ரின் வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. பொய் சொல்ல வீட்டில் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். விசா பயமெல்லாம் அந்த நிமிஷம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

எழுந்துபோய் லிண்டாவின் ஃபைலைத் திறந்து, என் ஃபாரத்தில் பி.ஏ.வை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். எட்டு வருஷம் காலேஜா என்று வியந்தாள் லிண்டா. "ஸ்கூல்," என்றாள் நஸ்ரின். லிண்டா என் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஓரமாக இருந்த சூடான்காரி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

இப்போது தினமும் சேர்ந்து வாசிப்பது எங்கள் இருவருக்கும் வீட்டுப்பாடம். புத்தகத்தின் பாதி அவள் மடியில், பாதி என் மடியில். அவள் பக்கத்தை அவள் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டுகிறாள். என் பக்கத்தில் நாலு வார்த்தை தேறும், மிச்சத்தைப் படம் பார்த்துத் தமிழில் சொல்கிறேன். அவள் மடியில் கரடி வெறுங்காலோடு பனியில் நடக்கிறது. என் மடிக்கு வந்ததும் முடிச்சூர் ரோட்டில் தார் சுடுகிறது என்று காலை மாற்றி மாற்றி வைக்கிறது.