பங்காளிச் சண்டையும் என் இரும்பு நாற்காலிகளும்

பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்கு எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பதைவிட, எந்த வீடு எந்த வீட்டோடு பேசுவதில்லை என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தொழில் பண்ணினால் சாமான் முழுசாகத் திரும்பி வராது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாம்பரத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் வாடகைக் கடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள்.

என் கடை மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம். ஊருக்கே நான் ‘பாய்’. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எனக்கு இரண்டு வாடிக்கை வீடுகள் உண்டு, ஒன்று கோவிந்தசாமி வீடு, இன்னொன்று மாணிக்கம் வீடு. இரண்டு பேருடைய அப்பாக்களும் கூடப்பிறந்தவர்கள், ஆகவே இவர்கள் பங்காளிகள். எதிரெதிர் வாசல், நடுவில் ஒரு மண் ரோடு. இரண்டு பேருக்கும் நான்தான் பந்தல்காரன் என்பது என் தலையெழுத்து.

முதல் அடி

கோவிந்தசாமி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. அப்போதுதான் மடக்கு நாற்காலிகள் புதிதாக வாங்கி, பச்சைப் பெயிண்ட் அடித்து, முதுகில் கடைப் பெயர் எழுதி வைத்திருந்தேன். பெண்ணைப் பெற்றவன்கூட அப்படிப் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்க மாட்டான். மத்தியானப் பந்தியில் மாணிக்கம் எதையோ கேட்க, கோவிந்தசாமியின் மச்சான் எதையோ சொல்ல, ஆட்கள் எழுந்தார்கள். கூடவே என் நாற்காலிகளும் எழுந்தன.

மறுநாள் சாமான் எடுக்கப் போனபோது எதிர்வீட்டு வாசலில் மாணிக்கம் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் கோவிந்தசாமி ஒரு நாற்காலியை விரித்து, மடக்கி, ஈரத்துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்: “பாய், உன் சேரு நல்ல சேரு. மண்டதான் ஒடஞ்சுது, சேருக்கு ஒண்ணும் ஆவல.”

காரணம் என்ன என்று கேட்டேன்

வயலெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. டீக்கடையில் யாரைக் கேட்டாலும், பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மண்டை உடைந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த தீபாவளிக்கு முன்னால் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் மாணிக்கம், கோவிந்தசாமியின் மகன் சேகரை அரிவாளால் வெட்டிவிட்டார். பையன் பிழைத்தான். இடது கையில் இரண்டு விரல் மட்டும் அப்புறம் மடங்கவே இல்லை. மாணிக்கம் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தார், செங்கல்பட்டுக் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. பதிலுக்கு ஒரு வெட்டு விழாமல் இருக்காது என்று சேகரின் கூட்டாளிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். அந்தத் தெருவுக்கு வண்டி போனால், அது திரும்பி வரும்வரை நான் கடையை மூட மாட்டேன்.

ஜாமீனில் வந்தவர் ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நிலத்துக்காக ஒரு பிள்ளையின் கையை வெட்டுவார்களா அண்ணே என்று கேட்டேவிட்டேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு, அந்த மஞ்சள் நீராட்டு அன்று நடந்ததைச் சொன்னார். அவருடைய அம்மா சீர்த்தட்டோடு போய்ப் பந்தல் ஓரம் நின்றிருக்கிறார். வந்தவர்கள் எல்லோரையும் வரவேற்ற வீட்டுக்காரர்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிவிட்டார். பந்தியில் அதைக் கேட்கப்போய்த்தான் மாணிக்கத்துக்கு மண்டை உடைந்ததாம்.

“நெலம் போனா போவுது பாய். எங்கம்மாவ ஒரு வார்த்த வான்னு கேக்கல.”

எங்கள் வண்டிக்கு வந்த சோதனை

அதற்கப்புறம் ஒரு ஆவணி முகூர்த்தத்தில் கோவிந்தசாமி வீட்டில் காதுகுத்து, மாணிக்கம் வீட்டில் புதிதாகக் கட்டிய மாடிக்குக் கிரகப்பிரவேசம், இரண்டும் ஒரே நாள். அவன் எவ்வளவு பெரிய பந்தல் போடுகிறான் என்று இரண்டு பேருமே கேட்டார்கள். உங்களுடையதுதான் பெரிசு என்று இரண்டு பேரிடமும் சொல்லித் தப்பித்தேன். வேறு வழி இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். பந்தல்கள் வளர்ந்து வளர்ந்து, நடு ரோட்டில் ஒரு சைக்கிள் போகத்தான் இடம் மிஞ்சியது.

எங்கள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை ஓட்டுகிற எத்திராஜ், கோவிந்தசாமி வீட்டில் அண்டாக்களை இறக்கிவிட்டு, மிச்ச சாமானோடு வண்டியை எதிர்வீட்டுக்குத் தள்ளினான். மாணிக்கம் வாசலிலேயே மறித்தார். அவன் வீட்டுக்குள் போன வண்டி தன் வீட்டுக்குள் வரக்கூடாதாம், வேறு வண்டி கொண்டுவர வேண்டுமாம். எத்திராஜ் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டான்: “வண்டி அங்க போனது தப்புன்னா நானுந்தான் அங்க போய்ட்டு வந்துகினு கீறேன். என்ன இன்னா பண்லாம்னு சொல்லு.”

வெற்றிலைத் தட்டு

மாணிக்கத்தின் மகள் செல்விக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை, தங்கமான பையன். அவனுடைய அப்பாதான் ஒரு நிபந்தனை போட்டார். வெட்டுக்கேஸ் உள்ள வீட்டுக்கு நாளைக்கு விருந்துக்கு வந்தால் என் மகன் பத்திரமாகத் திரும்புவானா? பந்தக்கால் நடும்போது பங்காளிகள் கூட நின்று கை வைக்கட்டும், நான் கண்ணால் பார்க்கிறேன், அப்புறம்தான் கல்யாணம் என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மாணிக்கம் என்னிடம் ஓடிவந்து, நீங்கள் போய்க் கூப்பிடுங்கள் பாய் என்றார். பந்தல்காரன் போய்க் கூப்பிட்டால் அது அழைப்பா? நீங்களே போங்கள் என்றேன். வாசலில் நிற்கவைத்துவிட்டால் செத்துப்போவேன் என்றார். வீட்டில் செல்வி சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் பந்தலுக்கு இடம் அளந்துகொண்டிருந்தேன். மாணிக்கத்தின் அம்மா தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வெளியே வந்தார். மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த கோவிந்தசாமி எழுந்தார். பின்னால் சேகரும் வந்து நின்றான்.  கோவிந்தசாமி, மஞ்சள் நீராட்டு அன்றைக்குச் சாதம் வேகவில்லை என்று அடுப்படியில் நின்றதாகவும், சின்னம்மா வந்ததையே கவனிக்கவில்லை என்றும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். இத்தனை வருஷமும் அதை எதிர்வீட்டில் போய்ச் சொல்ல வீறாப்பு விடவில்லை. சொல்லிவிட்டு கேட்டைத் திறந்தார்.

“உள்ள வா சின்னம்மா. அன்னிக்கே கேட்ருக்கணும்.”

கனமான கழி

பந்தக்காலுக்கு நாங்கள் மெல்லிய மூங்கில்தான் கொண்டுபோவோம், ஒரு ஆளே நட்டுவிடலாம். மற்றவர்கள் பேருக்கு விரல் வைத்தால் போதும். இந்த இரண்டு வீடும் அப்படி விரல் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் போனதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று எனக்குப் பட்டது. அதனால் கடையில் கிடந்ததிலேயே பருமனான சவுக்குக் கழியை ஏற்றச் சொன்னேன். எத்திராஜ் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.

குழி தோண்டுவதோடு என் வேலை முடிந்தது. கோவிந்தசாமியும் சேகரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் தலையைக் குனிந்தபடி நின்றார். மஞ்சள் பூசி மாவிலை கட்டிய கழியை மூன்று பேருமாகத் தூக்கினார்கள். பாதி நிமிர்ந்தபோது மஞ்சள் ஈரத்தில் சேகரின் இடது கை வழுக்கியது. மடங்காத அந்த இரண்டு விரலும் கழியைப் பிடிக்க முடியாமல் நீட்டிக்கொண்டிருந்தன. கழி மாணிக்கத்தின் பக்கமே சாய்ந்தது. அவரோ கழியைப் பார்க்காமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

“நல்லா புடி சித்தப்பா. எனக்கு இந்தக் கையில வெயிட்டு தாங்காது.”

கடைசியாக

மாணிக்கம் தோளைக் கொடுத்துக் கழியை நிமிர்த்திக் குழியில் இறக்கிவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார். நானும் அழுதேன். எத்திராஜ்கூட மூக்கைச் சிந்தினான். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து குழியில் மண் தள்ளினார். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது, பச்சை நாற்காலி ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கேஸும் பிறகு ராஜியாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து சேகர் கல்யாணத்துக்கு, இந்த வீட்டு வாசலில் ஆரம்பித்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் ரோட்டை மறித்து ஒரே பந்தலாகப் போடச் சொன்னார்கள்.

அந்த இரண்டு வீட்டுச் சமாதானத்தில் நஷ்டப்பட்ட ஒரே ஆள், ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு பந்தல் போட்டுக்கொண்டிருந்த நான்தான்.