தொட்டி ஒழுகவில்லை

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, எங்கள் கொல்லையில் செப்டிக் டேங்க் வைத்துக் கக்கூஸ் கட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்போது எனக்கு ஏழு மாதம். இருட்டு விலகுமுன் மற்றப் பெண்களோடு ஏரிக்கரைப் புதருக்குப் போய் வருவதும், பிறகு பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பதும் போதும் போதும் என்றாகிவிட்டது. பெங்களூரில் சித்தி வீட்டு வசதியைப் பார்த்துவிட்டு வந்தவளை யாரால் சமாதானப்படுத்த முடியும்? புளி மண்டி வைத்திருந்த என் கணவர் கடைசியில் கொத்தனாரைக் கூட்டி வந்தார்.

தொட்டி எழும்பியது. ஆனால் பஞ்சாயத்து போர்டு அனுமதித்தால்தான் அதை மூடிப் புழங்கலாம். பக்கத்து வீட்டு அக்கா வேறு, தன் கிணறு கெட்டுப்போகும் என்று போர்டில் மனுக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லி, உள்சுவரில் கரியால் கோடு போட்டார்.

"நாளைக்குக் காலையில வருவேன். தண்ணி இந்தக் கோட்டுலயே நிக்கணும். இறங்கிச்சுன்னா அனுமதி கிடையாது."

நல்ல கோடை. தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டியில் பீப்பாய் பீப்பாயாக வந்த தண்ணீர் அது. மேலே தகரம் போட்டு மூடினோம். எனக்கு இருந்த பரபரப்பில் சும்மா சும்மா போய்த் தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் தகரத்தை நகர்த்தினார். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. கொத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "நீங்க மனுவுல சொன்னது சரிதாம்மா. தொட்டி ஒழுகுது. உங்க கிணத்துக்குத்தான் போயிருக்கும். இன்னிக்கே பிளீச்சிங் பவுடர் கொட்டிடறேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் தண்ணி சேந்தக்கூடாது."

"அய்யோ சாமி, வேணாம்!" என்று அலறினாள் அவள். "தொட்டி ஒழுகல. நான்தான் விடியக்காலையில அஞ்சாறு குடம் மொண்டுக்கினு போனேன்."

"எதுக்கும்மா?"

"எங்க கிணத்துல சேறாத்தான் வருது. இது புதுத் தொட்டி, நல்ல தண்ணி. வீணாத்தானே போவுதுன்னு..."

"அத வச்சு என்ன பண்ணீங்க?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "களி கிண்டினேன். எல்லாரும் சாப்ட்டாச்சு."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். மறுபடி கோடுவரை நிரப்பச் சொல்லி, அந்த அக்காவையே காவலுக்கு வைத்தார். மறுநாள் தண்ணீர் அசையாமல் கோட்டிலேயே நின்றது. அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கிருந்த சந்தோஷத்தில் அந்த உடம்போடு குதித்துவிடுவேனோ என்று என் கணவர் பயந்தார்.

கக்கூஸுக்குக் கதவு மாட்டிய அன்று நடு மத்தியானம். வெயில் கொளுத்தியது. அதுவரை பகலில் எவ்வளவு தாகமெடுத்தாலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி, குடித்துவிட்டு எங்கே போவது? அன்று பானையிலிருந்து ஒரு சொம்பு நிறைய மொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு சொம்பும் குடித்தேன்.