மூன்றாவது நூல்

லஸ்ஸில் டிராம் நிற்கும் இடத்துக்கு எதிரே அப்போது எனக்குத் தையல் கடை. நாலாவதோடு படிப்பை விட்டவன். பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், படித்ததை நம்பமாட்டேன்.

ஒரு நாள் பூகம்பச் செய்தி வந்தது. எந்த ஊரில் என்று போடவில்லை. பட்டணத்திலிருந்து இத்தனை மைல், கல்கத்தாவிலிருந்து இத்தனை மைல், அவ்வளவுதான். மைல் தெரிந்தவனுக்கு ஊர் தெரியாதா? எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது. என் தம்பி ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்தான்.

பக்கத்துப் புத்தகக் கடையில் ஒரு தேசப்படத்தை இரவல் வாங்கி, வெட்டு மேஜையில் விரித்து, பேப்பரில் போட்ட மைல் கணக்குக்குப் பட்டணத்திலிருந்து இஞ்சு டேப்பை நீட்டினேன். அது நேராக ரங்கூனில் போய் முடிந்தது.

“இன்னா மாஸ்டரே, ரங்கூனுக்கே சட்டை தைக்கிறியா?” என்றார் காஜா எடுக்கும் பாய். என் முகத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

ரவிக்கை வாங்க வந்த சாந்தோம் டீச்சரம்மாதான், நான் தம்பியைப் பற்றிச் சொன்னதும், கேட்டார்: “டேப்பை ஏன் ரங்கூன் பக்கமே நீட்டினீங்க? உங்க பயம் அந்தப் பக்கம் இருக்கு, அதனாலயா?”

பூமி ஆடினால் இரண்டு அதிர்வுகள் கிளம்புமாம், ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. டிராமும் கைரிக்‌ஷாவும் ஒரே இடத்தில் கிளம்பினால் தூரம் போகப் போக இடைவெளி கூடுமே, அதுபோல. கருவியில் பதிந்த அந்த இடைவெளியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். திசை அதில் வராது என்றார். பட்டணத்தின் மேல் குண்டூசி குத்தி, நூல் கட்டி, என் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். கல்கத்தாவில் இன்னொன்று. இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டன: ஒன்று ரங்கூன், இன்னொன்று இமயமலை அடிவாரம்.

“மூணாவது ஊர் ஒண்ணு வேணும்,” என்றார்.

அடிவாரத்தில் எனக்கு யாரும் இல்லை. அங்கேயே இருக்கட்டும் என்று கபாலியை வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில் பம்பாய்க் கணக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் டீச்சரம்மா மூன்றாவது நூலைக் கட்டினார். வட்டம் அடிவாரத்தை ஒட்டிப் போனது. ஆனால் மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேரவில்லை. நடுவே ஒரு பொத்தான் அளவுக்கு இடம் விட்டிருந்தது. கணக்கில் கொஞ்சம் பிசகு இருக்கும், பூகம்பம் அதற்குள் எங்கேயோதான் என்றார் அவர். அதெப்படி, நான் அப்படித் தைத்தால் சட்டை திரும்பி வராதா?

“அந்தப் பொத்தான்ல ரங்கூன் பூந்துக்குமா மாஸ்டரே?” என்றார் பாய். பூந்துகொள்ளாதுதான். இருந்தும் நூல் இழுபட்டிருக்குமோ என்று மூன்று தடவை அளந்தேன்.

பத்து நாள் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது. நான் அனுப்பிய சட்டை கழுத்தைப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தான். பூகம்பத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தபால் முத்திரைத் தேதி பூகம்பத்துக்குப் பிந்தியதுதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

அதற்குள் பேப்பரில் அடிவாரத்து ஊர்களின் செய்தி வந்துவிட்டிருந்தது. இடிந்த வீடுகள், வெளியில் படுத்திருக்கும் ஜனங்கள். கடையில் உட்கார்ந்து முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் ஒரு வரியையும் என்னால் சந்தேகப்பட முடியவில்லை.