யானைக் குலத்தான் ஓடிய ஓட்டம்

மொத்சுமியின் ஊரில் குலத்துக்கு ஒரு மிருகம்; அவனுடைய குலம் யானை. மாபபே கிராமத்தில் பிறந்தவனுக்கு அதைவிடப் பெரிய பெருமை என்ன இருக்கிறது! யானைக் கறியைத் தொட மாட்டான். யானைத் தோலில் உட்காரச் சொன்னால் சண்டைக்கு வருவான். பத்தொன்பது வருடங்களாகக் காட்டுக்குள் கூடாரம் போட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு மிருகங்களைக் காட்டுகிற வேலை. புதுக் கூட்டம் வந்து இறங்கிய அன்றே நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவான்.

"எது எதிர்ல வந்தாலும் ஓடாதீங்க. இந்தக் காட்டுல ஓடுறது இரை மட்டும்தான்."

அதோடு நிறுத்துவானா? "யானையைப் பத்திக் கவலையே வேண்டாம். அது எங்க ஆளு. சொந்தக்காரனை ஒண்ணும் செய்யாது" என்று மார்தட்டுவான்.

கூடாரத்துச் சமையல்காரி கெனெய்ல்வே அவனுடைய அத்தை மகள். அத்தை மகளும் மாமன் மகனும் ஒருவரையொருவர் கேலி பேசி வாரிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். வாராமல் இருந்தால்தான் ஏதோ கோளாறு. அவள் அப்பாவழிக் குலம் மான், அதுவும் இலை அசைந்தாலே புதருக்குள் பாய்கிற குட்டை மான். இவன் விடுவானா?

"ஓடுறதுக்குன்னே பொறந்த குலம் இது. சட்டி உருண்டாக்கூட இவ அடுத்த ஊர்ல நிப்பா" என்பான் விருந்தாளிகளிடம்.

"யோவ் மச்சான், நீ யானைக் குலம்னு சொல்லவே வேண்டாம். உன் தொப்பையே சொல்லுது" என்பாள் அவள், கரண்டியை ஆட்டிக்கொண்டு.

போன ஜூலையில் டென்மார்க்கிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் யென்ஸ் என்று ஒரு பெரியவர். எழுபது வயது, வலது முட்டி சரியாக மடங்காது. மூன்றாம் நாள் மதியம் மற்றவர்களெல்லாம் கூடாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் விறகு பொறுக்க நானும் வருவேன் என்று அடம்பிடித்தார். மொத்சுமி முன்னே, பெரியவர் நடுவே, கெனெய்ல்வே பின்னே. கூடாரத்திலிருந்து நூறு அடிகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

மரங்களுக்குப் பின்னாலிருந்து குட்டியானை ஒன்று தலையை நீட்டியது. அடுத்த நொடி அதன் தாய் வெளியே வந்தது. காதுகளை விரித்துப் பிளிறிக்கொண்டு நேராக இவர்களைப் பார்த்து வந்தது.

நில் என்றுதான் மொத்சுமியின் மூளை சொல்லியிருக்கும். கால் கேட்கவில்லை. பத்தொன்பது வருடப் பாடத்தையும் குலத்தையும் காற்றில் விட்டுவிட்டு, பெரியவரை இடித்துக்கொண்டு ஓடினான். கறையான் புற்றுக்குப் பின்னால் போய் விழுந்தான்.

"மொத்சுமி!" என்று கத்தினார் பெரியவர். காதில் விழுந்தது. மறுபடியும் கூப்பிட்டார். அதுவும் விழுந்தது. மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கெனெய்ல்வே பெரியவரின் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். யானை பத்தடி தூரத்தில் நின்று புழுதியை வாரி இறைத்தது. தலையை ஒரு உலுக்கு உலுக்கியது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது.

மொத்சுமி புற்றுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தபோது பெரியவர் ஓடிவராத குறையாக வந்து கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர்.

"எனக்குப் புரிஞ்சுது. யானையை உன் பக்கம் இழுக்கத்தானே ஓடினே? எனக்காக உயிரையே பணயம் வெச்சியே!"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பாவி மனுஷன், சிரித்தான்.

"எங்க வேலையே அதுதானே" என்றான்.

இரவுச் சாப்பாட்டில் பெரியவர் அந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார். கைதட்டினார்கள். மொத்சுமி தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். இப்போது வரும், இப்போது வரும் என்று கெனெய்ல்வேயின் கேலிக்காகக் காத்திருந்தான். நார்நாராகக் கிழிக்க வேண்டியவள், சோளக் களியும் இடித்த மாட்டுக்கறியும் போட்ட தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க" என்றாள். யாரோ அதிகாரிக்குச் சொல்வதைப்போல.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன்னைக் கேலி செய்யக்கூட லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கிவிட்டாளே! தன்னை நினைத்து அவனுக்கே கூசியது.

விடிந்ததும் எல்லோரும் நெருப்பருகே காபியோடு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றான்.

"நேத்து நான் யாரையும் காப்பாத்தல. பயந்து ஓடினேன். ஐயா ரெண்டு தடவை என்னைக் கூப்பிட்டாரு. கேட்டுச்சு. நான் வரல. கைதட்டுனப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

யென்ஸ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். விந்தி விந்தி அவனைத் தாண்டிப் போனார். அடுப்படியில் நின்ற கெனெய்ல்வேயின் முன்னால் தொப்பியைக் கழற்றி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போதும் மொத்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மிருகம் பார்க்கப் போக விருந்தாளிகளெல்லாம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது மொத்சுமி அடுப்படிப் பக்கம் போனான். எதையாவது சொல்லி அவளைப் பேசவைத்துவிட்டால் போதும்போல் இருந்தது.

"இனிமே என்னையும் உங்க மான் குலத்துல சேர்த்துக்கயேன்" என்றான், சிரிக்க முயன்றபடி.

கெனெய்ல்வே பானையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சேர்க்க மாட்டோம்யா மச்சான்" என்றாள். "எங்க மான் ஓடும்தான், யாரு இல்லேன்னா? ஆனா குட்டி கத்துனா திரும்பி வரும்."

எப்போதும் அவள் ஒன்று சொன்னால் இவன் இரண்டு சொல்வான். அன்றைக்கு நேராகப் போய் வண்டியில் ஏறினான்.