கவரின் பின்பக்கம்

எங்கள் சபையில் ஸ்தோத்திர காணிக்கைக்கென்று வெள்ளைக் கவர் அச்சடித்து வைத்திருப்பார்கள். நன்றி சொல்ல ஏதாவது இருந்தால் அதன் முன்பக்கத்தில் காரணத்தை எழுதி, காணிக்கையை உள்ளே வைத்து, ஞாயிற்றுக்கிழமை பையில் போட வேண்டும். ஆராதனை நடுவில் செயலாளர் ஒவ்வொன்றாக எடுத்துச் சபைக்குப் படித்துக் காட்டுவார். காரணம் எழுத ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கும். அந்தக் கோட்டில் பெரிய விஷயங்கள்தான் ஏறும். மகனுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்தது, மருமகளுக்குச் சுகப்பிரசவம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழாயில் தண்ணீர் நேரத்தோடு வந்தது என்று யாரும் கவர் போட்டதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

போன மழையில் சபைக் கோயில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு கட்டு கவர் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. போதகரின் மனைவி அதை என்னிடம் கொடுத்து, "துணி அளவு எழுதிக்கோங்கக்கா" என்றார். நான் ரவிக்கை தைக்கிறவள். பள்ளிக்கூடம் ஏழாவதோடு சரி, எங்கள் ஊரில் அதுவும் தெலுங்கில்தான். தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியிலும் பாட்டுப் புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு கவரில் கழுத்தளவு, கையளவு என்று எழுதினேன். மூன்றாவது கவரை எடுத்த அன்று, பூக்காரம்மா என் வாசலில் முழம் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு முழம் கொஞ்சம் நீளமாதான் வருது, என் கை சந்தோஷமா கீது போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அளவை விட்டுவிட்டு அதை எழுதிவைத்தேன். அன்றிலிருந்து தினம் ஒரு கவர். முன்பக்கத்தைத் தொடமாட்டேன், அது காணிக்கைக்கு உள்ள இடம். பின்பக்கத்தில்தான் என் எழுத்தெல்லாம்.

மாங்காய் லாரிகள் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு வரிசை கட்டி நின்ற நாளில் தெரு முழுக்க அடித்த வாசனை ஒரு கவரில் இருக்கிறது. நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர், "எல்லாரும் கொஞ்சம் மூச்ச உள்ள இழுத்தா இன்னும் நாலு பேரு ஏறலாம்" என்றது இன்னொன்றில். எழுதி, டிவி பக்கத்தில் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன்.

இந்த வருஷம் மே மாதம் திருப்பதியிலிருந்து சம்பந்தியம்மா வந்து பத்து நாள் தங்கினார்கள். அவர்கள் மகனுக்குத்தான் என் ஒரே மகளைக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பெயின்ட் வாசனை ஆகாது என்று என்னிடம் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர்கள். நல்ல மனசு, ஆனால் வார்டு இன்னும் கையை விட்டுப் போகவில்லை. என் காபியில் சர்க்கரை அரை ஸ்பூனுக்கு இறங்கியது. ஊறுகாய் ஜாடி மேல் தட்டுக்கு ஏறியது. டேபிள் ஃபேன் அவர்கள் பக்கம் திரும்பியது திரும்பியதுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து, "இன்னா சம்பந்தியம்மா, இன்னும் தூங்கிக்கினு கீறீங்க, சுகர் எப்டி இறங்கும்" என்பார்கள். எனக்குச் சுகரே கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு காபி. ஃபேனை என் பக்கம் திருப்பி, காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்போது வந்த சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. கவர் நிரம்ப எழுதினேன்.

மறுநாள் எங்கள் கல்யாண நாள், முப்பது வருஷம். காணிக்கைக்கு எடுத்துவைத்திருந்த புதுக் கவரைக் காலையில் காணவில்லை. ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பாவில் மேலே கிடந்த கவரை எடுத்தார். உள்ளே காலி, முன்பக்கமும் காலி. 'திருமண நாள், 30 வருடம்' என்று அந்தக் கோட்டில் எழுதி, காணிக்கையை வைத்து ஒட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிப் பார்க்கவில்லை. அவர் எதையும் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை.

பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் யாரோ என்னை இடித்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் சம்பந்தியம்மா. பின்னாலேயே என் மகள், கையில் கேக் பெட்டி.

"நேத்துதான போனீங்க?" என்றேன்.

"போனா வரக்கூடாதா? முப்பது வருசம்னா சும்மாவா? அஞ்சு மணி பஸ்ஸு. காணிப்பாக்கம் கோயிலுக்குப் போற ஜனம் மொத்தமும் அதுலதான். கேக்க மடியில வெச்சிக்கினு, கொழந்த மாதிரி கொண்டாந்தேன்."

நகர்ந்து இடம் விட்டேன். அவர்கள் பாட்டுப் புத்தகத்தை விரித்து, பாதியை என் பக்கம் நீட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினோம்.

பிறகு செயலாளர் கவர்களோடு எழுந்தார். அவர் தெலுங்கு வாத்தியாராக இருந்தவர். கையில் எது வந்தாலும் சர்க்குலர் படிப்பது மாதிரி முழுதாகப் படித்துத்தான் வைப்பார். எங்கள் கவர் வந்தது. "திருமண நாள், முப்பது வருடம்" என்றார். கைதட்டினார்கள். அவர் கவரைத் திருப்பினார். "இந்தக் குடும்பம் பெற்ற நன்மைகள் பின்பக்கத்தில் விரிவாக எழுதப்பட்டுள்ளன" என்றார்.

அப்போதுதான் அந்தக் கவர் ஓரத்தின் பழுப்பைப் பார்த்தேன். எழுந்து ஓடவும் முடியாது.

"குழாயில் தண்ணீர் விடியாத நான்கு மணிக்கு வராமல் ஆறு மணிக்கு வந்ததற்காக" என்று படித்தார். யாரோ ஆமென் என்றார்கள். "மேல் வீட்டுத் தெலுங்கம்மா கோங்குரா கீரைப் பச்சடி கொடுத்ததற்காக." இரண்டு மூன்று ஆமென். "சம்பந்தியம்மா ஊருக்குப் போனதற்காக. பத்து நாளைக்கு அப்புறம் என் இஷ்டத்துக்குச் சர்க்கரை. ஃபேன் என் பக்கம். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்."

சபை மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசி பெஞ்சில் காது மந்தமான பெரியவர் ஒருவர், பழக்கத்தில், கணீரென்று ஆமென் சொன்னார்.

போதகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் என் தொடையைக் கிள்ளினாள். அடுத்த பாட்டுக்குச் சம்பந்தியம்மா புத்தகத்தை என் பக்கம் நீட்டவில்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டு பாடினார்கள்.

அந்தப் புத்தகம் நகர்ந்த அரை முழத் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் அவர்கள் சமையலறையில்தான் நாளைக்கும் நாளன்னைக்கும் நிற்க வேண்டும். அவர்கள் அவளை ஒரு நாளும் குறையாக நடத்தியதில்லை. என்னோடு தினம் சாயங்காலம் போனில் அரைமணி நேரம் பேசுகிறவர்கள். ஒரு கிளாஸ் காபிக்காக அத்தனையையும் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். வந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்: "கவரு காலியாதாம்மே கீதுன்னு பாத்தேன்."

"நைனா, நீ கொஞ்சம் சும்மா கீறியா?" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "அந்த டப்பாவ எடுங்க" என்றார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். அவர்களும் தெலுங்கு மீடியம்தான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். ஒவ்வொரு எழுத்தாக அவர்கள் வாயில் அசைய அசைய நான் நின்றுகொண்டே இருந்தேன். பூக்காரம்மாவைப் படித்தார்கள். கண்டக்டரைப் படித்தார்கள். பிறகு அந்தப் பத்து நாளுக்கு வந்தார்கள்.

"சம்... பந்தி... யம்மா தாளிக்... கும்போது பாடினார்கள். கீழ் வீட்டம்மா... வாசலில் நின்று... கேட்டுவிட்டுப் போனாள்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "அவங்க கேட்டாங்களா? எனக்குத் தெரியாதே."

"அடுப்ப அணைச்சிட்டு வந்து கேட்டாங்க" என்றேன்.

அடுத்தது: "சம்பந்தியம்மா என் பாதத்தில் முள் எடுத்தார்கள். வலிக்கவில்லை." அதற்கடுத்தது: "சம்பந்தியம்மா வெள்ளரிக்காய் நறுக்கியது பேப்பர் மாதிரி இருந்தது." பத்து நாளில் ஏழு கவரில் அவர்கள் இருந்தார்கள். எழுதிய எனக்கே அது தெரியாது. படித்து முடித்து, மூடியை அழுத்தி மூடினார்கள்.

"சம்பந்தியம்மா, திருப்பதியில நம்ம வீடு எங்க கீது?"

"அலிபிரி பக்கத்துல."

"படியேறி மலைக்கிப் போற அத்தினி பேரும் எங்க வீட்லதான் வந்து எறங்குறாங்க. எங்க வீட்டுக்காரரோட வேல பாத்தவங்க, அவங்க மச்சினி, மச்சினியோட வீட்டு ஓனரு. நாம சர்ச்சிக்கிப் போறவங்கன்னு யாரு பாக்குறா? போன மாசம் ஒரே நாள்ல ஆறு மொட்ட. தலகாணி பூரா சந்தனம். அவங்க பஸ் ஏறினதும் நான் இன்னா பண்ணுவேன் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"கதவ சாத்திட்டு, ஹால் நடுவுல அப்டியே படுப்பேன். வெறுந்தரையில. அந்த அஞ்சு நிமிசம் கீதே, பரலோகந்தான். அத ஸ்தோத்திரம்னு எழுத எனக்குத் தோணல, பாருங்க."

மகளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கு. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். சம்பந்தியம்மா எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்கள். என் கிளாஸைக் கையில் கொடுத்து, "நாலு ஸ்பூன் போட்டுக்கீறேன். ஆச தீர குடிங்க. நாளைலேருந்து ஒரே ஸ்பூனு" என்றார்கள். பாயசம் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அன்று சாயங்காலம் கிளம்பும்போது, எழுதாமல் மீதியிருந்த கவரில் பாதியை அவர்களே கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் நான் திருப்பதிக்குப் போய் ஐந்து நாள் இருந்தேன். அவர்கள் வீட்டு மிஷினில் அவர்கள் ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், இரவு பகலாகப் பேசினோம். கிளம்புகிற அன்று மருமகன் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இறங்கிய பிறகுதான் பார்த்தேன், கண்ணாடியை மேஜை மேலேயே வைத்துவிட்டேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஊசி கோர்க்க வராது. அதே பைக்கில் திரும்பினோம்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். ஹால் நடுவில் வெறுந்தரையில் சம்பந்தியம்மா குப்புறப் படுத்துக்கொண்டு, பழுப்பேறிய ஒரு கவரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில், பெரிய பெரிய எழுத்தாக. 'சம்பந்தியம்மாவின் தையல் மிஷின் சத்தம் நின்றதற்காக' என்கிற வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டேன். சட்டென்று கையால் மறைத்தார்கள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? இன்னும் முடியல."

"கண்ணாடி மறந்துட்டேன்."

"எடுத்துக்கினு வெளிய போயி நில்லுங்க. எழுதிட்டுக் கூப்புடுறேன்."

கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே பேனா ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே அவர்கள் தனியாகச் சிரிப்பதும், கவரைத் திருப்புவதும் கேட்டது. மருமகன் பைக்கை நிறுத்திவிட்டு, "இன்னாத்த, பஸ்ஸு போய்டுமே" என்றான்.

"போனா அடுத்த பஸ்ஸு" என்றேன். "உங்கம்மா ரெண்டாவது பக்கத்துக்குப் போய்ட்டாங்க."