மூச்சு உட்படப் பதிவானது

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேர் 'மன்னிப்பு மேடம்'. டாக்டரோ நர்ஸோ தப்பு செய்தால், நோயாளி வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்பது அவள் வேலை. பதினெட்டு வருஷம். என்ன பிழைப்போ போங்கள்! ஆனால் ஏனோதானோவென்று செய்தவள் இல்லை. "மன்னிச்சிடுங்க" என்பதற்கு முன்னால் ரெண்டு நொடி நிறுத்தி, ஒரு மூச்சு விடுவாள். கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதைக் கேட்டு உடைந்துபோவார்கள்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? மூன்று நாள் ஓர் அறையில் உட்கார வைத்து அவள் குரலைப் பதிவு செய்தது, அந்த மூச்சு உட்பட. அப்புறம் மெஷினே பேசியது. முன்னெல்லாம் மன்னிப்புக் கேட்க ஓர் ஆள் வேண்டும், கொஞ்சமாவது மனசு உறுத்த வேண்டும். இப்போது யாருக்கும் உறுத்தாமல் தினம் நூறு மன்னிப்பு. அவளுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் அதே ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் செத்தான். பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட வேண்டிய ஊசியை இவனுக்குப் போட்டுவிட்டார்கள். "நம்ம ஆஸ்பத்திரிதான், நான் பாத்துக்கறேன்" என்று அவனை அங்கே சேர்த்தவளே அவள்தான். மாமியாரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு அழுதாள். "உன் ஆபீஸ் பேச்சை எங்கிட்ட வச்சுக்காத" என்று கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜரிடம் போய் நின்றாள். "சார், பணம் வேணாம். யாராவது ஒருத்தர் என் மூஞ்சியப் பாத்து, தப்புதான்னு சொல்லணும். அவ்ளோதான்."

"நாங்க நேர்ல சொல்லக்கூடாதும்மா. கால் வரும்" என்றார் அந்த மனுஷன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வந்தது. மாமியார்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், அந்த ரெண்டு நொடி மௌனத்தைக் கேட்டதுமே ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஒரு மூச்சு. அப்புறம் அவள் குரல். "மன்னிச்சிடுங்க. உங்க வீட்டுல ஒருத்தியா இருந்து சொல்றேன்."

கிழவி தேம்பித் தேம்பி அழுதாள். "யார் பெத்த பொண்ணோ, மனசாரச் சொல்றா பாரு. நீயும்தான் இருக்கியே!"

"அத்தை, அது நான்தான் அத்தை! என் குரல்!"

"சீ, இதுலயுமா பங்குக்கு வருவ?"

மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் ஒன்றை அழுத்தச் சொன்னது போன்.

"அழுத்தாதீங்க அத்தை! அழுத்தினா புகார் முடிஞ்சிடும், அப்புறம் யாருமே வரமாட்டாங்க!" பிடுங்கப் போன கையைத் தட்டிவிட்டு, கிழவி ஒன்றை அழுத்தினாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றது போன். அன்றைக்குக் குரலைப் பதிவு செய்த அந்த அறையில் அவள் சிரித்துக்கொண்டே சொன்ன நன்றி அது.