தறிக்கு மேலே சீமை ஓடு

பிள்ளையார்பாளையத்து எங்கள் வீட்டில், தறி இருந்த கூடத்துக்கு மட்டும் அப்பா சீமை ஓடு போட்டார். பட்டு நனையக் கூடாதாம். நாங்கள் படுக்கும் அறைக்குப் பழைய நாட்டு ஓடே போதுமாம். மனுஷர்தானே, நனைந்தால் காய்ந்துவிடுவோமே!

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைத் தறியோரமாகவே உட்காரவைத்தார். மழை பிடித்துக்கொண்டது. உள்ளே அம்மா ஒழுகிய இடமெல்லாம் குண்டான் வைத்தாள். நான் ஈரத் தலையோடு காபி கொண்டுபோனேன்.

மாப்பிள்ளையின் அப்பா என் தலையைப் பார்த்தார். அண்ணாந்து சீமை ஓட்டைப் பார்த்தார். அப்பாவிடம் சொன்னார்:

"இதுல என்னாங்க இருக்குது? எங்க வூட்லயும் தறிக்கு மேல மட்டுந்தான் சீமை ஓடு."

அப்பாவுக்குப் பரம திருப்தி. அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். சீர்வரிசையில் நான்கு குண்டான் கூடுதலாக வைக்கச் சொன்னேன்.